சாம்பியன் பேட்டரி மாற்றிய கதை

அவரைச் சாம்பியன் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். யாரும் கூடி, யோசித்து, கைதட்டிக் கொடுத்த பட்டம் அல்ல அது. பழைய வீடியோ கேம் மெஷின்களைச் சேர்த்து வைக்கும் பைத்தியங்கள் இந்த ஊரில் நாலைந்து பேர் உண்டு. அவர்களிடம் அவரே தன்னைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, அவர்களும் கேட்டுக் கேட்டு, கடைசியில் எதிர்த்துப் பேசச் சலிப்பாகி ஒப்புக்கொண்ட பட்டம் அது.

வேலை, வீட்டு உபயோகப் பொருள்களைப் பழுது பார்க்கும் ஒரு சர்வீஸ் சென்டரில். புகார் வாங்கும் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பார். வாஷிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு எவனாவது வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றால், மூடியைத் திறக்காமலே "போர்டு போச்சு, மாத்தணும்" என்பார். "கொஞ்சம் திறந்து பாருங்களேன் சார்" என்று கெஞ்சினால், "திறந்தா மட்டும் உயிர் வந்துடுமா?" என்று கேட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அதே மனிதர் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், யாரோ குப்பையில் எறிந்த கேம் மெஷின் போர்டை மடியில் கிடத்தி, பல் தேய்க்கும் பிரஷால் அழுக்கெடுத்து, வாயால் ஊதி, "பயப்படாதடா கண்ணு" என்று அதனிடம் பேசுவார். ஊரான் வீட்டு போர்டு சாகப் பிறந்தது, தன் வீட்டு போர்டு வாழப் பிறந்தது என்பது அவர் கட்சி.

படுக்கையறையின் இரும்பு பீரோவில் ஒரு காலத்தில் அவர் மனைவியின் புடவைகள் இருந்தன. இப்போது போர்டுகள் இருக்கின்றன. புடவைகள் கட்டிலுக்கு அடியில் ஒரு சூட்கேஸில். புடவைக்கு ஈரம் பட்டால் காய வைத்துக்கொள்ளலாம், போர்டுக்குப் பட்டால் என்ன ஆவது என்று அவர் நியாயம் பேசினார். நியாயம் பேசுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அவருடைய தனிப்பெரும் வித்தை பேட்டரி மாற்றுவது. சிரிக்காதீர்கள், அது டார்ச் லைட்டுக்குப் பேட்டரி போடுகிற சமாசாரம் இல்லை. அந்தப் பழைய போர்டுகளில் ஓரமாக ஒரு சின்னப் பேட்டரியை ஈயம் வைத்து ஒட்டியிருப்பார்கள். மெஷினை அணைத்த பிறகும் அது ஒரு நினைவுச் சிப்புக்குத் துளித்துளியாக மின்சாரம் ஊட்டிக்கொண்டிருக்கும். பேட்டரி செத்தால் சிப் எல்லாவற்றையும் மறந்துவிடும். சில போர்டுகளில் விளையாட்டே போய்விடும், சிலவற்றில் யார் எவ்வளவு புள்ளி எடுத்தார்கள் என்ற பட்டியல் மட்டும் போகும். சாகாமல் கிடந்தாலும் ஆபத்துதான். வயதான பேட்டரி கசிந்து, பச்சையாகப் பூத்து, பக்கத்தில் உள்ள செம்புக் கோடுகளைத் தின்றுவிடும். ஆகவே மாற்றியே தீர வேண்டும், ஆனால் மாற்றுகிற அந்த நேரத்தில் சிப் பட்டினி கிடக்கக் கூடாது.

இதற்குச் சாம்பியன் இரண்டு சட்டங்கள் வைத்திருந்தார். புதுப் பேட்டரியைத் துணைக்குக் கட்டிவிட்டுத்தான் பழசைக் கழற்ற வேண்டும் என்பது முதல் சட்டம். ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் சூடானதும் அதன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுத்தான் போர்டைத் தொட வேண்டும் என்பது இரண்டாவது. பிளக் சுவரில் இருந்தால் அயர்னின் நுனி எர்த்தோடு சேர்ந்திருக்கும். சிப்பின் மின்சாரக் காலில் அது பட்டால், வருகிற மின்சாரமெல்லாம் அந்த வழியே ஓடிப்போய் சிப் ஒரு கணம் மயங்கும். அந்த ஒரு கணம் போதும், எல்லாம் போச்சு. யார் வீட்டுக்குப் போனாலும் இந்த இரண்டையும் அவர் விரல் நீட்டிச் சொல்லாமல் வந்ததில்லை. பேட்டரி வைத்த போர்டே இல்லாத ஒருவரிடம்கூடச் சொல்லியிருக்கிறார்.

அவர் வீட்டுக் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு மர மெஷின் நின்றது. படகு விளையாட்டு. ஆற்றை எதிர்த்துப் படகை ஓட்டி, பாறையிலும் முதலையிலும் மோதாமல், கரையில் நின்று கையாட்டுபவர்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அந்த மெஷினைப் போட்டால் முதலில் புள்ளிப் பட்டியல் வரும். அதன் உச்சியில் ஓர் எண், எந்தப் பைத்தியமும் கிட்டே நெருங்க முடியாத எண். சாம்பியன் அதையே வீட்டு வைஃபைக்குக் கடவுச்சொல்லாக வைத்திருந்ததால் வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அது மனப்பாடம். எண்ணுக்கு எதிரே பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே எழுத்து மூன்று முறை. 'நான் பேருக்கு ஆசைப்படறவன் இல்லை' என்று அதற்குச் சாம்பியன் விளக்கம் சொல்வார்.

உண்மை என்னவென்றால், அந்த எண் அவர் மனைவி எடுத்தது.

அவளுடைய அப்பா வீடியோ கேம் கடை வைத்திருந்தவர். பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்கு வந்த பெண், சீருடையைக்கூட மாற்றாமல் அந்த மெஷின் முன்னால் நின்று ஆடி எடுத்தது. பெயர் போடும் நேரத்தில் "கடையைச் சாத்தணும், வா" என்று அப்பா கூப்பிட்டதால் பட்டனை மூன்று முறை தட்டிவிட்டு ஓடிவிட்டாள். கடையை மூடியபோது மற்ற மெஷின்களையெல்லாம் விற்றுவிட்டு இதை மட்டும் மகள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார் அவர். அனுப்பிய கொஞ்ச காலத்தில் காலமாகிவிட்டார்.

பொய் ஒன்றும் திட்டம் போட்டுப் பிறக்கவில்லை. பல் டாக்டர் ஒருவர், அவரும் ஒரு மெஷின் பைத்தியம், முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது பட்டியலைப் பார்த்து, "யாருங்க இதை அடிச்சது?" என்று வாயைப் பிளந்தார். சாம்பியன் சும்மா சிரித்தார். சிரிப்பு பொய் ஆகாதே. அடுத்த தடவை "அது ஆச்சு, ரொம்ப நாளு" என்றார். மூன்றாம் தடவை அதற்கு ஒரு கதையே இருந்தது. அன்றைக்கு அவருக்குக் கடுமையான காய்ச்சல், சுற்றிலும் கூட்டம், முடிந்ததும் தோளில் தூக்கிக்கொண்டார்கள். டீ கொண்டுவந்த மனைவி அந்தத் தோள் வரைக்கும் கேட்டுவிட்டு, டீயை வைத்துவிட்டு உள்ளே போனாள். இவர் தானாகத் திருத்திச் சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். ஆண்டுகள்தான் போயின. முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போய், அதன் மேல் குழம்பும் ஊற்றியாகிவிட்டது.

விஷயம் தெரிந்த இன்னொருவன் மச்சான், அவள் தம்பி. அதே கடையில் வளர்ந்தவன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆஜராகிவிடுவான். "அந்தக் காய்ச்சல் நூத்தி எவ்வளவு மாமா?" என்று நண்பர்கள் முன்னால் எடுத்துக்கொடுப்பான். அக்கா முறைத்தால் வாயை மூடிக்கொள்வான்.

இப்படி இருக்கையில், ஒரு நாள் சாம்பியன் மெஷினின் பின்கதவைத் திறந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். பேட்டரி இறங்கியிருந்தது. அடிப்பக்கம் பச்சை பூக்க ஆரம்பித்திருந்தது. அந்தப் பட்டியல் போனால் எண் போய்விடும், எண் போனால் சாம்பியன் போய்விடுவார்.

"யாரும் இல்லாத நேரமாப் பார்த்து அமைதியா மாத்திடுங்களேன்" என்றாள் மனைவி. ஏதோ தனக்கு வேண்டிய ஒன்றைக் கேட்பதுபோல அவள் குரல் இருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

"நாலு பேரு பார்த்துக் கத்துக்க வேணாமா?" என்றார். அன்றைக்கே எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, சாம்பியன் வீட்டில், நேரடிச் செய்முறை.

ஞாயிறு பல் டாக்டர் வந்தார். மற்ற பைத்தியங்களும் வந்தார்கள். மச்சான் நல்ல இடமாகப் பார்த்து நாற்காலி போட்டுக்கொண்டான். சாம்பியன் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். போர்டை வெளியே எடுத்து மேஜை மேல் வைத்து, அதன் ஒயர்களை அப்படியே மெஷினோடு விட்டிருந்தார். திரையில் பட்டியல் ஜொலித்துக்கொண்டிருந்தது.

"அணைச்சிட்டுத்தானே செய்வீங்க?" என்று சமையலறை வாசலில் நின்று மனைவி கேட்டாள்.

"ஸ்கோர் திரையில தெரியத் தெரியவே மாத்தப் போறேன். அதுலதான் விஷயமே இருக்கு" என்றார் அவர், அவளைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்து.

முதல் சட்டம் அங்கேயே காலி. மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, சிப்புக்கு அதிலிருந்தே மின்சாரம் வருகிறது, அப்புறம் துணைப் பேட்டரி எதற்கு என்று விளக்கியபடி பழைய பேட்டரியைக் கட்டரால் வெட்டி எடுத்தார். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். பட்டியல் அசையவில்லை. கைதட்டினார்கள். கைதட்டல் அவர் தலைக்கு ஏறியதை மச்சான் கண்ணால் பார்த்தான்.

அடுத்து அயர்ன். சூடானதும் பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கியவர் கையோடு வேலையைப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பிளக்கைத் தூக்கிக் காட்டி இரண்டாவது சட்டத்தை விளக்கத் தொடங்கினார். எர்த் என்றால் என்ன, மூன்றாவது முள் எதற்கு, இது தெரியாமல் போர்டைக் கொன்றவர்கள் யார் யார் என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. முடித்துவிட்டு அயர்னை வைத்தால் ஈயம் உருகவில்லை. ஆறிப்போயிருந்தது. யாரோ சிரித்தார்கள். அவருக்குச் சுருக்கென்றது. பிளக்கைத் திரும்பச் சொருகினார், சூடேறும் வரை ஒரு நிமிஷம் முறைப்பாக நின்றார், பிறகு அந்தச் சிரிப்பை அடக்கிவிடும் வேகத்தில் அயர்னை எடுத்து, பேட்டரி வந்து சேரும் சிப்பின் மின்சாரக் காலில் நேராக வைத்தார்.

பிளக் சுவரிலேயே இருந்தது.

திரை ஒரு முறை கண் சிமிட்டியது. கோடு கோடாக ஏதோ ஓடியது. பிறகு மெஷின் தானாக முதலிலிருந்து கிளம்பி, தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றைய பட்டியலைக் காட்டியது. எல்லாம் வட்டமான, குட்டி எண்கள். யாருமே பிறக்காத உலகம் மாதிரி இருந்தது.

ஊருக்கு உபதேசம் செய்தவர் அயர்னைக் கையில் பிடித்தபடி நின்றார். சமையலறை வாசலில் மனைவி இல்லை. எப்போது உள்ளே போனாள் என்று தெரியவில்லை.

ஆறுதல் சொன்னவர் பல் டாக்டர்தான். கெட்ட எண்ணம் துளியும் இல்லாத மனிதர். "விடுங்க சாம்பியன். யானைக்கும் அடி சறுக்கும். போனது என்ன, நீங்க அடிச்சதுதானே? மறுபடி அடிச்சுட்டாப் போச்சு. நாங்களும் இன்னி வரைக்கும் உங்க ஆட்டத்தைப் பார்த்ததே இல்ல."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? அவர் போய் நின்றார், ஆடினார். முதல் வளைவிலேயே பாறை. அடுத்த படகை ஒரு முதலை முழுதாக விழுங்கியது. மூன்றாவது படகு, யாரும் எதுவும் செய்யாமல், தானாகப் போய்க் கரையில் முட்டியது. "ஜாய்ஸ்டிக் இழுக்குது" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மச்சான் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு உங்களுக்கு மனசு சரியில்ல" என்றார் டாக்டர். "நாங்க போய் சாப்பிட்டுட்டு சாயங்காலமா வரோம். நீங்க கொஞ்சம் படுத்து எழுந்திரிங்க." மச்சானையும் கையோடு கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் போகவே மனமில்லாமல் போனான்.

சாம்பியன் சமையலறைக்குப் போனார். மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். துலக்கி முடித்த பாத்திரத்தையே திரும்பத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு" என்றார். "நீ கொஞ்சம் ஆடி அந்த எண்ணை வச்சிடு. முன்ன மாதிரியே அந்த எழுத்தை மூணு வாட்டி தட்டிடு. நான் ஆடினதாச் சொல்லிக்கறேன். நம்ம வீட்டு மானம் இது."

அவள் குழாயை மூடினாள்.

"இத்தனை வருஷமா நீங்க என்னென்னமோ சொன்னீங்க. எனக்குக் கோபம் வரலையான்னு என் தம்பி கேட்பான். வரலைதான். அது என்னுதுன்னு எனக்குத் தெரியும். அந்த மெஷினுக்கும் தெரியும். நீங்க ஆபீஸ் போனதும் போட்டுப் பார்ப்பேன், மேல நிக்கும். எங்கப்பா 'வா'ன்னு கூப்பிட்டது காதுல கேட்கும். நீங்க யார்கிட்ட என்ன சொன்னா எனக்கென்ன?" ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப மெஷினுக்கும் தெரியாது."

நியாயம் பேசுகிறவருக்கே நியாயம் தட்டிப்போன நேரம் அது. தன் எண் போய்விட்டது என்று காலையிலிருந்து தவித்தவருக்கு, போனது தன்னுடையது இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் சொல்லிச் சொல்லி, அந்தக் காய்ச்சலைக்கூட அவரே நம்பிவிட்டிருந்தார்.

அவள் கூடத்துக்குப் போய் மெஷின் முன்னால் நின்றாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். முதல் படகு பாறையில் மோதிப் போனது. "கை சரியாத்தான் போகுது, கண்ணுதான் லேட்டாப் பார்க்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டாவது படகு லேசில் மோதவில்லை. வளைவு வருவதற்கு முன்பே படகு திரும்பியது. முதலை வாயைத் திறக்கும் இடத்தில் அது இருக்கவில்லை. ஜாய்ஸ்டிக்கை இரண்டு விரலால்தான் பிடித்திருந்தாள். கரையில் நின்றவர்கள் ஒருவர் விடாமல் ஏறினார்கள். சாம்பியன் பக்கத்தில் வந்து நின்றார். கீழ் வரிகளின் எண்கள் அவ்வப்போது மாறியிருப்பதைப் பார்த்து, சிப்பில் ஈரம் புகுந்துவிட்டது என்று முடிவு கட்டி, ஹேர் டிரையர் பிடித்து உலர்த்தியவர் அவர். இவள் தினமும் ஆடியிருக்கிறாள் என்று தோன்றவே இல்லை. வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறாள் என்ற நினைப்பு இருந்தால்தானே தோன்றும்.

எண் ஏறிக்கொண்டே போய், வைஃபை கடவுச்சொல்லைத் தாண்டியது. தாண்டியும் நிற்கவில்லை. கடைசிப் படகு ஒரு மரக்கட்டையில் மோதியபோது அவள் ஒரு பெருமூச்சு விட்டு, ஜாய்ஸ்டிக்கை நிதானமாகத் திருப்பி, தன் பெயரின் மூன்று எழுத்துகளையும் ஒவ்வொன்றாகத் தேடிப் போட்டாள். இந்தத் தடவை அவளை யாரும் கூப்பிடவில்லை.

"ஐயையோ, அது இல்ல, அந்தப் பழைய எழுத்து" என்று சாம்பியன் பதறினார்.

"பேட்டரி இல்லாம நிக்குது அது" என்றாள் அவள். "அணைச்சா போயிடும், கரண்ட் போனாலும் போயிடும். பேட்டரி மாத்துறதுல உங்களை மிஞ்ச ஆள் இல்லைன்னு சொல்வீங்களே, மாத்துங்க."

வாசலில் ஆட்டோ நின்ற சத்தம் கேட்டது. டாக்டரின் பேச்சுக்குரல் படியில் ஏறியது.

இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அப்படி நின்றார் சாம்பியன். அயர்னின் நுனி காலையில் பட்ட அதே இடத்தில் இன்னொரு முறை பட்டால் போதும், அவள் பெயர் மாயமாகிவிடும். கை தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒரே நாளில் இரண்டு தடவை போர்டைக் கொன்றவனிடம் நாளைக்கு எந்தப் பைத்தியமும் பேட்டரியைக் காட்டமாட்டான். ஒழுங்காக மாற்றினாலோ, அவள் பெயர் அங்கேயே நிற்கும், காய்ச்சலும் தோளும் கூட்டமும் இன்றோடு முடிந்தது. இரண்டு பெருமையில் ஒன்றை அவர் கையாலேயே கொல்ல வேண்டும். தவறவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் அவர் கையைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அயர்னைச் சூடாக்கினார். பிளக்கைப் பிடுங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த இஸ்திரிச் சட்டையின் பையிலிருந்து ஒயர் தொங்கியது. உள்ளே வந்த டாக்டரும் மற்றவர்களும் ஏதோ கேட்டார்கள், அவர் வாயைத் திறக்கவில்லை. புதுப் பேட்டரியின் ஒரு காலை ஒட்டினார், மறு காலை ஒட்டினார். ஈயம் பளபளவென்று உருண்டு நின்றது. அவர் வாழ்க்கையில் பேச்சில்லாமல் செய்த முதல் பேட்டரி அது. தள்ளி நின்று மனைவிக்குக் கண்ணால் ஜாடை காட்டினார்.

அவளே போய் ஸ்விட்சை அணைத்தாள். திரை இருண்டது. மறுபடி போட்டாள்.

பட்டியல் வந்தது. உச்சியில் எண், எதிரே மூன்று எழுத்து.

டாக்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "பழசையும் தாண்டிருச்சே. இது யாரு பேரு சாம்பியன்?"

மச்சான் வாயைத் திறந்தான். அவனுக்கு முன்னால் சாம்பியன் பேசிவிட்டார்.

"இவ போட்டது."

"இன்னிக்கா?"

"இன்னிக்கும்." சாம்பியன் சட்டைப் பையிலிருந்து பிளக்கை எடுத்து, அதைப் பார்த்தபடியே சொன்னார். "அன்னிக்கும்."

காய்ச்சல், தோள், கூட்டம் என்று ஒவ்வொருவரும் உள்ளுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது முகங்களில் தெரிந்தது. பிறகு டாக்டர் தன் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, "அந்த மூணாவது வளைவுல முதலை ரெண்டு பக்கமும் வருமே, அங்க எப்படிம்மா தப்பிக்கிறது?" என்று கேட்டார். அவள் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக் காட்ட ஆரம்பித்தாள். எல்லோரும் எழுந்து போய் அவளைச் சுற்றி நின்றார்கள். மேஜைப் பக்கத்திலிருந்து சாம்பியன், பிளக்கைப் பிடுங்கிய பிறகு எவ்வளவு நேரத்துக்குள் ஒட்டிவிட வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.